14 காரட் புத்திமதி

எங்கள் விடுதியில் எனக்குச் 'சுதந்திரா' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவர் சரித்திரத் துறையில் படிக்கும் வங்கத்து நண்பர். 1959-இல் ராஜாஜி முதலியோர் தொடங்கிய சுதந்திராக் கட்சியைத்தான் அவர் சொல்கிறார். 1967 தேர்தலில் லோக்சபையில் 44 இடங்களைப் பிடித்து, 1974-இல் வேறொரு கட்சியோடு கரைந்துபோன கட்சி அது. அது மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துப் பிறந்த நான் ஒருவனே இந்த வளாகத்தில் அதற்கு மிச்சமிருக்கும் அங்கத்தினன் என்பது நண்பரின் கேலி. டில்லி சர்க்கார் ஏதாவது ஒரு புதுத் திட்டத்தை அறிவித்த அன்று, இரவுச் சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

எனக்கு அரசாங்கத்தின்மீது பகை ஏதும் கிடையாது. ரேஷன் அரிசி சாப்பிட்டு, சர்க்கார் பள்ளியில் படித்து, சர்க்கார் கொடுத்த சைக்கிளை மிதித்து வளர்ந்தவன் நான். இங்கே ரசாயனம் படிப்பதும் அரசாங்கம் நடத்தும் பல்கலைக்கழகத்தில்தான். ஆயினும், "மக்களின் மனப்பான்மையை மாற்றப் போகிறோம்" என்று ஒரு மந்திரி பேசக் கேட்டால், கூட்டத்தில் நிற்பவனுடைய கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் என் மனம் ஒரு முறை தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. ராஜாஜி 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று சொன்னதைப் படித்து வந்த சந்தேகமன்று இது. மதுரையில், தெற்காவணி மூல வீதிக்கு அருகில் ஒரு சந்தில் இருந்த நகைப் பட்டறையிலிருந்து வந்தது. அந்தப் பட்டறையை நான் பார்த்ததில்லை. என் தாத்தாவுக்கு அப்பா நடத்தியது அது.

1962-இல் சீனப் போர் வந்தது. கஜானாவில் அந்நியச் செலாவணி மிகக் குறைவு. நம் நாட்டு மக்களோ கள்ளத்தனமாக வரும் தங்கத்தை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து படகில் வரும் அந்தத் தங்கத்துக்கு நம் ரூபாய் நோட்டுகள்தாம் விலையாகப் போயின. அதைத் தடுக்கவே 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி நோட்டு அச்சடித்துப் பார்த்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே 1963 ஜனவரியில், நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு உத்தரவைக் கொண்டுவந்தார். அதன் முக்கியமான விதி இது: இனிச் செய்யும் நகை எதுவும் 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

தேசாய் நேர்மையானவர், நாட்டின் நன்மையையே நினைத்தார். அதில் எனக்கு ஐயமில்லை. அவருடைய கணக்கும் மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல கணக்குத்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் 14 காரட், 18 காரட் நகைகளை அணிந்து திருப்தியாகத்தானே இருக்கிறார்கள்? நம் பெண்களும் பழகிக்கொள்வார்கள். மாற்றுக் குறைந்தால் ஆசையும் குறையும். ஆசை குறைந்தால் கடத்தல் நிற்கும்.

ரசாயன மாணவன் என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை. 24 காரட் என்பது சுத்தத் தங்கம். நம் நகைகளின் 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். 14 காரட்டில் 58 பங்குதான் தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும் இன்ன பிறவும். கலப்பு கூடக்கூட உலோகம் கடினமாகும். தட்டினால் விரைவில் விறைத்துக்கொள்ளும். மறுபடி மறுபடி நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். சூடேற்றினால் செம்பு கறுக்கும். குமுட்டி அடுப்பையும் ஊதுகுழலையும் வைத்துக்கொண்டு, முடி போன்ற கம்பி இழுத்து, கடுகு போன்ற மணி உருட்டும் மதுரைப் பத்தருக்கு அது வேறு உலோகம். அவர் கையும் கண்ணும் முப்பது ஆண்டுகளாகப் பழகியது 22 காரட்டின் நிறத்துக்கும் நெகிழ்ச்சிக்கும். புது உலோகத்தைப் பழகிக்கொள்ள அவருக்கு ஒரு வாரம்கூடத் தரப்படவில்லை.

அது கிடக்கட்டும். வாங்குகிறவர்கள் என்ன சொன்னார்கள்? "தாலியைப் பதினாலு காரட்டுல செய்யச் சொல்றாகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நகையை அழகுக்காக மட்டும் வாங்கும் நாடுகளில் 14 காரட் போதும். நாளை உரைகல்லில் தேய்த்து அடகு வைப்பதற்கென்றே வாங்கும் நாட்டில் அது எப்படிப் போதும்? பத்தரை மாற்று என்று மொழியிலேயே ஓர் அளவை வைத்திருக்கும் ஜனங்களிடம், ஐந்தரை ஆறு மாற்றே உயர்ந்தது என்று உத்தரவு போட்டால் செல்லுமா? வேலை அடியோடு நின்றுபோயிற்று. நாட்டின் பல பகுதிகளில் பொற்கொல்லர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். இது பாராளுமன்றத்தில் பேசப்பட்ட செய்தி.

எங்கள் பூட்டனார் அப்படிச் செய்துகொள்ளவில்லை. திருட்டுத்தனமாக இரவில் வேலை செய்தவர்கள் அந்தச் சந்தில் இருந்தார்கள். அதற்கும் அவருக்குத் துணிவில்லை. போலீஸ்காரரைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்கும் சுபாவம். சாமான்களைத் துடைத்து ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டு, ஜவுளிக் கடை ஒன்றில் வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கும் வேலைக்குப் போனார். 19 வயதில் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்த தாத்தா, ஒரு பஞ்சாலையில் கணக்கெழுதப் போனார். அந்த ஆண்டு இறுதிக்குள் தேசாய் பதவி விலகி, நம் ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரியாகி, விதிகளைச் சற்றுத் தளர்த்தினார். ஆனால் தொழில் செய்ய வேண்டுமானால், தான் பொற்கொல்லன்தான் என்று சர்க்காரிடம் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். ஊரே பத்தர் என்று அழைத்த மனிதர் அந்த விண்ணப்பத்தை வாங்கி வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு அதை என்ன செய்தார் என்று தாத்தாவுக்கும் நினைவில்லை.

14 காரட் விதி 1966-இல் கைவிடப்பட்டது. கட்டுப்பாடு மட்டும் 1968-இல் ஒரு முழுச் சட்டமாக உருவெடுத்து, 1990-இல்தான் ரத்தாயிற்று. அந்த இருபத்தேழு ஆண்டுகளில் கடத்தல் நிற்கவில்லை. கடத்தல்காரர்கள் சினிமாக் கதாநாயகர்களாகவே ஆனார்கள். "பவுனு பத்திரமாத்தான் இருந்துச்சு தம்பி, பத்தருதான் போயிட்டாரு" என்பார் தாத்தா.

இதை நான் சொல்லி முடித்ததும் வங்கத்து நண்பர் தம் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுப் பதில் சொல்லத் தொடங்குவார். அவர் சொல்வதில் பொருள் உண்டு. ஆகையால் அதையும் எழுதுகிறேன். ஆண்டுக்கு 700, 800 டன் தங்கத்தை நாம் இறக்குமதி செய்கிறோம். அத்தனையும் டாலர். அந்தப் பணம் ஓர் ஆலையாகவோ அணையாகவோ ஆகாமல் பீரோவுக்குள் தூங்குகிறது. 2012-13-இல் அந்நியச் செலாவணிக் கணக்கின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதத்தை எட்டியதற்குத் தங்கமும் ஒரு காரணம். சர்க்கார் சும்மா இருக்க முடியுமா? "உன் பூட்டனாருக்காக நாடு திவாலாக வேண்டுமா?" என்று கேட்கிறார்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லைதான். 2012 தொடக்கத்தில் 2 சதவீதமாக இருந்த இறக்குமதி வரியை 2013 ஆகஸ்டுக்குள் 10 சதவீதமாக்கினார்கள். கொண்டுவரும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்க வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள். 2022-இல் வரி 15 சதவீதமாயிற்று. 2024-இல் 6 சதவீதத்துக்கு இறங்கிற்று. வரி ஏறும்போதெல்லாம் விமான நிலையங்களில் பிடிபடும் தங்கத்தின் செய்தியும் ஏறுவதைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள்.

பீரோவில் தூங்கும் பணம் என்கிறாரே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் தாயாருக்கு நாலு பவுனில் ஒரு சங்கிலி உண்டு. நான் பிளஸ் டூ படிக்கும்போது அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்பொழுது அந்தச் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போயிற்று. மீண்டு வந்தது. பின்னர் என் தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்குப் போய் மீண்டு வந்தது. நான் டில்லிக்கு ரயில் ஏறிய வாரம் மறுபடி போயிற்று. ஒரு நாள் முழுதும் அது தூங்கிப் பார்த்ததில்லை! ஈடு கேட்காமல், சம்பளச் சீட்டு கேட்காமல், அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டுக்குக் கடன் தரக்கூடிய ஏற்பாடு வேறு ஒன்று இருந்தால் அம்மாவும் தங்கத்தை வெறும் ஆபரணமாக நினைத்திருப்பார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு, பிறகல்லவா நகை மோகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டும்?

சர்க்காரே தன் கஷ்ட காலத்தில் என்ன செய்தது? 1991-இல் கையில் இருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் போதும் என்றானபோது, ஜூலையில் ரிசர்வ் வங்கி 47 டன் அளவு தங்கத்தைக் கப்பலேற்றுவதுபோல் விமானத்தில் ஏற்றி, இங்கிலாந்து வங்கியில் ஈடு வைத்துக் கடன் வாங்கிற்று. அம்மா கூட்டுறவு வங்கிக்குப் போகும்போது சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவார்கள். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பிறகு 2009-இல் பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன்னை அதே ரிசர்வ் வங்கி விலைக்கு வாங்கியது. 2025 மார்ச் முடிவில் அதனிடம் இருந்தது சுமார் 880 டன். இதை யாரும் மோகம் என்று சொல்லக் காணோம்.

நண்பர் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. தங்கப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டார். 2015 நவம்பரில், நகையாக வாங்காதீர்கள், காகிதமாக வாங்குங்கள் என்று சர்க்கார் கடன் பத்திரம் வெளியிட்டது. முதல் வெளியீட்டில் கிராம் 2,684 ரூபாய். எட்டு ஆண்டு பொறுத்து 2023 நவம்பரில் கிராமுக்கு 6,132 ரூபாய் திரும்பக் கொடுத்தார்கள். இடையில் வட்டியும் உண்டு. சர்க்கார் வாக்கு மாறவில்லை. என்னைப் போல் சந்தேகப்பட்டு ஒதுங்கியவர்களைவிட நம்பி வாங்கியவர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். இது உண்மை, எழுதாமல் விட்டால் நான் பொடி வைத்து ஊதியவனாவேன். (பொடி வைத்தல் எங்கள் பட்டறைப் பேச்சு. பற்றவைக்கும் பொடியில்தான் கலப்படம் ஒளிந்திருக்கும்.) ஆனால் 2024 பிப்ரவரிக்குப் பின் புதுப் பத்திரம் வெளிவரவில்லை. தங்கத்தின் விலை ஏற ஏற, சர்க்காருக்கு அது தாங்க முடியாத கடனாயிற்று. விலை இவ்வளவு ஏறாது என்று டில்லியின் நிபுணர்கள் போட்ட கணக்கைவிட, ஏறும் என்று மதுரையில் என் பாட்டி போட்ட கணக்கு சரியாக இருந்தது என்பதை மட்டும் பணிவோடு குறித்துவைக்கிறேன்.

2025 ஏப்ரலில் நடந்ததுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. நகைக் கடனுக்குப் புது விதிகளை ரிசர்வ் வங்கி ஒரு வரைவாக வெளியிட்டது. அடகு வைப்பவர் அந்த நகை தம்முடையதுதான் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. திருட்டு நகையைத் தடுப்பது நல்ல நோக்கமே. ஆனால் என் தாயாரின் சங்கிலி, அவருடைய பாட்டியின் காசுமாலையை அழித்துச் செய்தது. அந்தப் பாட்டிக்கு யார் ரசீது கொடுத்தார்கள்?

நமக்கு இது புதிய கதை இல்லை. எங்கள் மதுரையில் ஒருவன் மனைவியின் சிலம்பை விற்கப் போனான். உன்னுடையதுதான் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று யாரும் நிதானமாக விசாரிக்கவில்லை. கையில் ரசீதும் இல்லை. அதன் பிறகு என்ன நடந்தது என்று இந்தச் சங்கத்தில் சொல்லவேண்டியதில்லை. அக்கதையில் பொய் சொன்னவன் எங்கள் தொழில்காரன் என்பதையும் மறைக்கவில்லை! தாய்ப் பொன்னிலும் குன்றிமணி எடுப்பான் என்று எங்களைப் பற்றிப் பழமொழியே இருக்கிறதே. ஆனாலும் ஊர் எரிந்தது பொற்கொல்லன் பொய் சொன்னதால் மட்டுமா? விசாரிக்க வேண்டியவன் அவசரப்பட்டதால்.

இந்த முறை டில்லி அவசரப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. ஜூன் மாதம் வந்த இறுதி விதிகளில் சிறு கடன்களுக்கு நிபந்தனைகள் இளகின. இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம் கடன் தரலாம் என்றாயிற்று. ரசீது இல்லாவிட்டால் உரிமையாளரின் உறுதிமொழியே போதும் என்றாயிற்று. கடன் தீர்ந்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தராத வங்கி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற விதியையும் சேர்த்தார்கள். அதைப் படித்துவிட்டு, 'சுதந்திரா' ஆகிய நான் ரிசர்வ் வங்கியைப் புகழ்ந்தேன் என்பது விடுதியில் இரண்டு நாள் செய்தியாக இருந்தது.

ஹால்மார்க் முத்திரையையும் இப்படித்தான் புகழ்வேன். 2021 ஜூன் முதல் பல மாவட்டங்களில் அது கட்டாயமாயிற்று. என்ன மாற்று அணிய வேண்டும் என்று அது சொல்வதில்லை. கடைக்காரன் 22 என்று சொன்னால் அது 22 தானா என்று பார்த்துச் சொல்கிறது. தராசையும் உரைகல்லையும் காவல் காக்கும் அரசாங்கத்துக்கு நான் எப்போதும் வரி கட்டத் தயார். தராசின் மறுபக்கத்தில் நிற்கும் ஸ்திரீக்குப் புத்தி சொல்ல வரும்போதுதான் தகராறு.

இதில் என் பாட்டிக்கும் எனக்குமே ஓர் இடத்தில் அபிப்பிராய பேதம். தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு, 2011 முதல் தாலிக்கு 4 கிராம், 2016 முதல் 8 கிராம் தங்கம் சர்க்கார் கொடுத்துவந்தது. 2022-இல் அந்தத் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். "தாலியில கை வச்சுட்டாங்களே" என்று பாட்டி குமுறினார். என் தங்கை அந்த ஆயிரத்தில்தான் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் செலவழிக்கிறாள். தாலியை வீட்டார் வாங்கட்டும், பஸ் கட்டணத்தை வேண்டுமானால் சர்க்கார் கொடுக்கட்டும் என்பது என் கட்சி. மூன்று வருஷமாகியும் பாட்டி சமாதானமாகவில்லை.

போன மாதம் நண்பர் என்னைக் கரோல் பாக்கில் பீடன்புராவுக்கு அழைத்துப் போனார். வங்காளத்திலிருந்து வந்த நகைத் தொழிலாளர்கள் அங்கே மாடி மாடியாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். எதிர்ப்பட்ட பெரியவர் ஒருவரோடு நண்பர் வங்காளியில் பேச, நான் ஊதுகுழலையும் உலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்பொழுது அச்சில் வார்த்த நகைகள்தாம் அதிகம், கை வேலைக்கு ஆள் வருவதில்லை, தம் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான் என்றார் அவர். எந்த மந்திரியும் உத்தரவு போடவில்லை. இயந்திரமும் சந்தையும் சேர்ந்து செய்தவை இவை.

"சொல்லு, இங்கே யாரைக் குற்றம் சொல்வாய்?" என்றார் நண்பர், மெட்ரோவுக்குத் திரும்பும் வழியில்.

யாரையும் சொல்ல முடியாதுதான். சந்தைக்கும் கண் கிடையாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவருக்கு, வேலை குறைவதைப் பார்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கிடைத்தன. மகனைப் பட்டறையில் உட்கார வைக்காமல் பள்ளிக்கு அனுப்ப அவகாசம் இருந்தது. என் பூட்டனாருக்கு வானொலியில் செய்தி வந்தது. மறுநாள் காலை வேலை இல்லை. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, எங்கள் வீட்டில் தாத்தா ஒருவர்தான் திடுக்கிடவில்லை. மற்றவர்கள் நோட்டை எண்ணிக்கொண்டிருக்க, அவர் எழுந்துபோய்க் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ரத்தான நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டன என்று ரிசர்வ் வங்கி 2018-இல் கணக்குக் கொடுத்தது.

நண்பர் இதற்கு மறுமொழி சொல்லத் தொடங்கியபோது ரயில் வந்துவிட்டது. கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளப்பட்டோம். அவருடைய மறுமொழியை அடுத்த இதழில் அவரையே எழுதச் சொல்லியிருக்கிறேன். தமிழாக்கித் தருவது என் பொறுப்பு.